விழித்திருந்து கற்ற கலை
பில் வயோலாவின் மாணவப் பருவமும் வீடியோக் கலையும் – ஓர் ஆய்வு

முன்னுரை

கலைஞர் ஒருவர் அடைந்த புகழைப் பேசுவது எளிது. அப்புகழுக்கு முன்னர் அவர் எவ்வாறு கற்றார், எவரிடம் பணிந்தார், எத்தனை இரவுகள் விழித்திருந்தார் என்று ஆராய்வதே மாணவ உலகிற்குப் பயன் தருவதாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றிய வீடியோக் கலையில் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா (1951–2024). அவருடைய மாணவப் பருவ அனுபவங்களையும், அவை பின்னைப் படைப்புகளில் விளைந்த வகையினையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இன்று நம் மாணவர் பலரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் கேமரா ஒன்று இருக்கின்றது. கைப்பேசியில் படம் எடுப்பதும், கணினியில் அதனை வெட்டி ஒட்டுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் இதனைப் பொழுதுபோக்கென்றும், சில வேளைகளில் பொழுதழிப்பென்றும் கருதுகின்றனர். இக்கருவியால் உண்மையான கல்வி இயலுமா? இயலுமெனில் அதற்கு மாணவர் கொடுக்கவேண்டிய விலை யாது? இவ்வினாக்களுக்கு வயோலாவின் வாழ்வு தக்கதொரு விடையாக அமைகின்றது.

கலையின் தோற்றம்

வீடியோக் கலை என்பது திரைப்படத்தினின்றும் வேறுபட்டது. திரைப்படச் சுருளை ஒளிபடாமல் காத்து, வேதிநீரில் கழுவி, பின்னரே காண இயலும். வீடியோவிலோ கேமரா காணும் காட்சி மின்குறியாக மாறி அக்கணமே திரையில் தோன்றும். காந்த நாடாவிலும் பதிவாகும். எடுப்பவர் தம் காட்சியை எடுக்கும்போதே பார்க்கலாம். பிடிக்கவில்லையெனில் அழித்துவிட்டு அதே நாடாவில் மீண்டும் பதியலாம்.

கொரியாவில் பிறந்து, இசை பயில ஜெர்மனி சென்ற நாம் ஜூன் பைக் என்பார், 1963இல் வூப்பர்ட்டால் நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் உள்ளமைப்பை மாற்றிக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தார். இக்கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக அக்கண்காட்சி போற்றப்படுகின்றது. 1967இல் சோனி நிறுவனம், ஒருவரே தூக்கிச் செல்லத்தக்க வீடியோக் கருவியை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. அரை அங்குல நாடா, கறுப்பு வெள்ளைப் படம், தோளில் தொங்கும் பதிவுப்பெட்டி என்பனவே அதன் அமைப்பு. அதுவரை தொலைக்காட்சி நிலையங்களுக்கே உரியதாயிருந்த கருவி, அதன்பின் பல்கலைக்கழகங்களின் வாயிலைத் தட்டியது.

இளமைப் பருவம்

வயோலா 1951 ஜனவரி 25 அன்று நியூயார்க் நகரில் பிறந்தவர். பள்ளியில் பயின்றபோதே தொலைக்காட்சிக் கருவிகளைக் கவனிக்கும் மாணவர் குழுவிற்குத் தலைவராக இருந்தார். ஆறு வயதளவில், குடும்பத்துடன் மலைப்பகுதிக்குச் சென்றிருந்தபோது ஏரி ஒன்றில் மூழ்கினார். உறவினர் ஒருவர் அவரைக் கரை சேர்த்தார். நீருக்கடியில் தாம் கண்ட ஒளியையும் அமைதியையும் அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அக்கணத்தில் தமக்கு அச்சமே தோன்றவில்லை என்பது அவர் கூற்று. அவர் படைப்புகளில் நீர் மீண்டும் மீண்டும் வருதற்குரிய காரணங்களுள் இந்நிகழ்ச்சியும் ஒன்றாகும்.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில்

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கவின்கலை மாணவராகச் சேர்ந்த வயோலா, அங்கு ஜாக் நெல்சன் என்னும் ஆசிரியரின் சோதனைக் கலைக்கூடப் பிரிவில் பயின்றார். ஓவியம், சிற்பம் என்னும் பழைய எல்லைகளுக்குள் அடங்காத புதிய ஊடகங்களை மாணவர் கையாண்டு பார்க்க இடந்தந்த பிரிவு அது. தாம் முற்றிலும் அறியாத கருவியாயினும் மாணவன் கையில் அதனை நம்பிக் கொடுக்கும் ஆசிரியர் வாய்ப்பது அரிது. அப்பேறு வயோலாவிற்கு வாய்த்தது.

அந்நாளில் பல்கலைக்கழக வளாகத்தில் ‘சினாப்ஸ்’ என்னும் மாணவர் வீடியோ அமைப்பு உருவாகி வந்தது. கட்டடங்களுக்கிடையே கம்பிவழித் தொலைக்காட்சி அமைக்கும் பணியில் வயோலாவும் ஈடுபட்டார். அதனினும் வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. வண்ண வீடியோக் கருவிகள் இருந்த தொழில்நுட்பக் கூடத்தில் அவர் துப்புரவுப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அப்பணியால் இரவு நேரங்களிலும் கூடத்தினுள் இருக்க வழி பிறந்தது. பகலில் பலருக்கும் பொதுவாயிருந்த கருவிகள் இரவில் அவர் ஒருவருக்கே கிடைத்தன. யாரும் இல்லாத கூடத்தில் அவர் அக்கருவிகளின் இயல்பைத் தாமே சோதித்துக் கற்றார்.

தரையைப் பெருக்கும் வேலையைத் தாழ்வென எண்ணியிருப்பாராயின் இக்கல்வி அவருக்குக் கிட்டியிராது. குருவின் இல்லத்தில் ஏவல் செய்து கற்ற பழைய மாணாக்கரின் மரபு, மின்கருவிகள் நிறைந்த கூடத்திலும் உயிர்பெற்றதை இங்கு நாம் காண்கின்றோம். கருவி தமக்குச் சொந்தமாயில்லை என்று ஏங்கும் மாணவர், வயோலாவிடமும் கருவி சொந்தமாயில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். அவரிடம் சொந்தமாயிருந்தது இரவுப்பொழுது ஒன்றே.

பிழையிற் பிறந்த படைப்பு

1973இல் வயோலா இளங்கலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டில் அவர் உருவாக்கிய ‘தகவல்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய வீடியோ, மாணவர் தவறாது அறியவேண்டியதாகும். நள்ளிரவில் கூடத்தில் பணியாற்றியபோது, பதிவுக்கருவியின் வெளிவரும் கம்பி, இணைப்புப் பலகையின் வழியே தவறுதலாக அதே கருவியின் உள்வாங்கும் முனைக்குச் சென்றுவிட்டது. பதிவுப் பொத்தானை அழுத்தியதும், அக்கருவி தன்னையே பதிவுசெய்ய முயன்றது. பதிவுசெய்ய வெளிக்காட்சி எதுவும் இல்லாமையால், குறி அறுந்தும் தொடர்ந்தும், நிறங்கள் சிதறியும் விநோதமான உருவங்கள் தோன்றலாயின.

வேறொருவராயின் கம்பியைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். வயோலாவோ அங்கேயே நின்று கவனித்தார். தவறு எவ்வாறு நிகழ்ந்தது, எந்தப் பொத்தான் எந்த மாற்றத்தை விளைக்கின்றது என ஆராய்ந்து, அக்குழப்பத்தையே இசைக்கருவியை மீட்டுவதுபோல் இயக்கக் கற்றார். ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத விளைவைக் கண்ட அறிவியலாளர் அதனைப் புறக்கணியாது குறித்துவைப்பதற்கு ஒப்பானது இச்செயல். பிழையைக் கண்டு வெட்குதல் இயல்பு. அதனருகே அமர்ந்து அதன் காரணத்தைக் காணுதல் கல்வி.

துணைநின்று கற்றல்

பட்டம் பெற்றதும் அவர் பணிக்குச் சென்றார். சிரக்யூஸ் நகரின் எவர்சன் கலை அருங்காட்சியகத்தில் வீடியோத் தொழில்நுட்பப் பணியாளராக அமர்ந்தார். அங்குக் காட்சி வைக்க வந்த நாம் ஜூன் பைக், பீட்டர் கேம்பஸ் முதலிய மூத்த கலைஞர்களுக்குத் துணைநின்றார். தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்குதலும், கம்பிகளை இணைத்தலும், பழுதானவற்றைச் சீராக்குதலும் இத்தகைய துணைப்பணியின் கூறுகளாகும். பெரியோர் படைப்பின் உட்புறத்தை, அதன் கம்பிகள் வழியே அறியும் வாய்ப்பு அதனால் விளைந்தது.

1974 முதல் 1976 வரை இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருந்த வீடியோக் கூடம் ஒன்றில் தொழில்நுட்ப இயக்குநராகப் பணியாற்றினார். மறுமலர்ச்சிக் கால ஓவியங்கள் அந்நகரத்துத் தேவாலயங்களில் அவை வரையப்பட்ட சுவர்களிலேயே இன்றும் உள்ளன. புதிய கருவியுடன் சென்ற இளைஞர் பழைய ஓவியங்களின் நடுவே வாழ்ந்தார். அதன் பயன் இருபதாண்டு கழித்து வெளிப்பட்டது. 1995இல் வெனிஸ் பன்னாட்டுக் கலைக்காட்சியில் அமெரிக்காவின் சார்பாக அவர் படைத்தவற்றுள் ‘வாழ்த்து’ என்பது ஒன்று. பதினாறாம் நூற்றாண்டு ஓவியரான போந்தோர்மோ வரைந்த ஓவியத்தைத் தழுவிய அப்படைப்பில், பெண்கள் மூவர் தெருவில் சந்தித்து உரையாடுகின்றனர். சுமார் 45 வினாடி நிகழ்ந்த அச்சந்திப்பு, அதிவேகக் கேமராவில் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 10 நிமிடமாக விரிகின்றது. ஆடை காற்றில் அசைவதும், முகத்தில் ஐயமும் மகிழ்ச்சியும் மாறி மாறித் தோன்றுவதும், நாம் நாள்தோறும் கண்டும் காணாதுவிட்டவை என்பதை அப்போது உணர்கின்றோம்.

துளியும் குளமும்

காலத்தையே மூலப்பொருளாகக் கொள்ளும் இவ்வியல்பு அவருடைய இளமைக்காலப் படைப்புகளிலேயே காணப்படுகின்றது. 1976இல் அமைத்த ஒரு படைப்பில், செப்புக் குழாயின் முனையிலிருந்து நீர்த்துளி மெல்லத் திரள்கின்றது. அண்மைக் காட்சி வில்லை பூட்டிய கேமரா அத்துளியைப் பெரிதாக்கித் திரையில் காட்டுகின்றது. துளி ஒரு வில்லையாதலின் எதிரே நிற்பவரின் உருவமும் அறையும் தலைகீழாக அதனுள் தெரிகின்றன. துளி கனத்து நடுங்கி, கீழேயுள்ள பறையில் விழுகின்றது. ஒலிபெருக்கியின் வழியாக அவ்வோசை அறை முழுதும் முழங்குகின்றது. உடனே அடுத்த துளி பிறக்கின்றது. பார்ப்பவர் தம்மையே ஒரு துளிக்குள் கண்டு, அது விழுந்து மறைவதையும் காண்கின்றார். துளியையும் கடலையும் உவமை காட்டிய ஸூஃபி ஞானியரின் மரபை அறிந்தோர்க்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

1977 முதல் 1979 வரை உருவாக்கிய ‘பிரதிபலிக்கும் குளம்’ என்னும் 7 நிமிடப் படைப்பும் குறிப்பிடத்தக்கது. காட்டினின்றும் வரும் ஒருவர் குளக்கரையில் நிற்கின்றார், பாய்கின்றார், நடுவானில் உறைந்துவிடுகின்றார். ஆயினும் குளத்தின் நீர் தொடர்ந்து அசைகின்றது. நீரில் நிழல்கள் நடக்கின்றன. கரையிலோ எவரும் இல்லை. வானில் உறைந்த உருவம் மெல்லக் கரைந்துபோக, இறுதியில் அவர் நீரிலிருந்து எழுந்து காட்டிற்குள் திரும்பிச் செல்கின்றார். அசையாது நிறுத்திய கேமராவால் வெவ்வேறு நேரங்களில் பதிவுசெய்து, சட்டகத்தின் வெவ்வேறு பகுதிகளாக அவற்றை இணைத்ததனால் விளைந்த அற்புதம் இது. கேமரா இம்மியளவு நகர்ந்திருந்தாலும் இணைப்பு வெளிப்பட்டிருக்கும். இதன் பெரும்பகுதி பொறுமையால் இயன்றது.

கானலைப் பதித்தல்

1979இல் வயோலா வட ஆப்பிரிக்காவின் துனீசியா நாட்டிற்குச் சென்றார். அங்கு ‘ஷத்துல் ஜரீத்’ என்னும் பரந்த உப்புநிலம் உள்ளது. கோடையில் பெரிதும் வறண்டு வெண்மையாய்க் கிடக்கும் அந்நிலத்தின் பெயரே அப்படைப்பிற்கும் அமைந்தது. சுடுநிலத்தை ஒட்டிய காற்று வெப்பத்தால் அடர்த்தி குறைகின்றது. மேலுள்ள காற்று அடர்த்தி மிக்கிருக்கின்றது. இவ்விரு அடுக்குகளின் ஊடே வரும் ஒளி வளைவதால், வானத்தின் உருவம் தரையில் நீர்போல் தோன்றுகின்றது. தமிழில் இதனைக் கானல்நீர் என்றும், பேய்த்தேர் என்றும் வழங்குகின்றோம்.

தொலைநோக்கு வில்லையைக் கேமராவில் பூட்டி வயோலா அக்கானலைப் பதிவுசெய்தார். தொலைவிலுள்ள கட்டடங்கள் நீரில் மிதப்பனபோல் நெளிகின்றன. மனிதரும் ஊர்திகளும் நிறப்புள்ளிகளாய் உருகி ஓடுகின்றனர். 28 நிமிடம் நிகழும் இதில் கனடா, அமெரிக்கச் சமவெளிகளின் பனிக்காட்சிகளும் இடம்பெறுகின்றன. வெப்பமும் குளிரும் இருவேறு எல்லைகளில் நம் பார்வையை மயக்குவதை ஒருங்கே காட்டுவது அவர் நோக்கம். கேமரா உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது பொதுநம்பிக்கை. கேமராவும் கானலைக் காண்கின்றது என இப்படைப்பு உணர்த்துகின்றது. போலிப் படங்கள் கணினியால் எளிதிற் புனையப்படும் இக்காலத்து மாணவர்க்கு, கண்ணையும் கருவியையும் ஒருசேர ஐயுறக் கற்பிக்கும் இப்பாடம் மிக இன்றியமையாதது.

தாயின் இறுதிக் காலம்

வயோலாவின் வாழ்வில் நம் சிந்தனைக்குரிய கடினமான பகுதியும் உண்டு. 1991இல் அவர் அன்னையார் நினைவிழந்து மரணப்படுக்கையில் இருந்தபோது அவர் அதனைப் பதிவுசெய்தார். 1992இல் அமைத்த மூன்று திரைப் படைப்பொன்றில், ஒருபுறம் குழந்தை பிறக்கும் காட்சியும், மறுபுறம் அன்னையின் இறுதிக் காட்சியும், நடுவே நீருள் மிதக்கும் மனிதர் ஒருவரின் காட்சியும் ஒரே வேளையில் ஓடுகின்றன. பிறப்பிற்கும் இறப்பிற்கும் இடையே மிதப்பதே மானுட வாழ்வு என்பது அதன் பொருள்.

மகன் தாயின் மரணத்தைப் படமாக்கலாமா என்னும் வினா எழுவது இயல்பே. மரணப்படுக்கையின் மதிப்பைப் பெரிதும் பேணும் நம் குடும்பங்களில் இதனை ஏற்கத் தயங்குவோர் பலராவர். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. எனினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். விபத்தைக் கண்டதும் கைப்பேசியை உயர்த்தும் வழக்கத்திற்கும் இச்செயலுக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது. முன்னது பிறர் துன்பத்தை நொடியில் பரப்பி மறக்கின்றது. பின்னது தன் துன்பத்தின் அருகே நெடுநேரம் அமர்ந்து, அதனை எல்லோர்க்கும் பொதுவான உண்மையாக்க முயல்கின்றது. எதைப் படமாக்கலாம், எதனை விடுத்தல் வேண்டும் என்னும் எல்லையை மாணவர் தாமே வகுத்தல் அரிது. பெற்றோரும் ஆசிரியரும் உடனிருந்து உசாவி வகுக்கவேண்டியது அது.

கணினி வெளியில் ஒரு பயணம்

நாடாவில் தொடங்கிய வயோலா எண்முறைக் கலையிலும் அடியெடுத்து வைத்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கணினி விளையாட்டு ஆய்வுக்கூடத்தாருடனும், விளையாட்டு வடிவமைப்பாளர் டிரேசி ஃபுல்லர்ட்டனுடனும் இணைந்து ‘இரவுப் பயணம்’ என்னும் பொருள்தரும் தலைப்பில் கணினி விளையாட்டொன்றை உருவாக்கினார். 2007 முதல் கண்காட்சிகளில் காட்டப்பெற்ற அது, 2018இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது.

பெயரைக் கேட்டதும் நம் வாசகர்க்கு மிஃராஜ் நினைவிற்கு வரக்கூடும். இங்குப் பேசப்படுவது ஞானத் தேட்டமுடைய தனிமனிதர் ஒருவரின் அகப்பயணம். மௌலானா ரூமி, ஜப்பானியக் கவிஞர் ரியோகன், ஸ்பெயின் நாட்டுச் சிலுவை யோவான், பண்டைத் தத்துவ அறிஞர் புளோட்டினஸ் ஆகியோரின் வாழ்வும் எழுத்தும் இதற்குத் தூண்டுதலாயின. இதில் சுடுவதும் இல்லை; வெல்வதும் இல்லை. இருண்ட நிலப்பரப்பில் நடந்து, ஒரு பொருளின் முன் நின்று சிந்திக்கும்போதே உலகம் மாறுகின்றது. வயோலாவின் காட்சிகள் விரிகின்றன. விரைவையே இலக்கணமாகக் கொண்ட ஊடகத்தில் நிற்றலை விதியாக்கியமை இதன் புதுமையாகும்.

எழுத்தும் காட்சியும்

தமிழ்த்துறை மாணவர் சிறப்பாகக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வயோலா குறிப்பேடுகள் எழுதும் வழக்கமுடையவர். படைப்பின் கருத்து, வரைபடம், படித்த நூல்கள் பற்றிய எண்ணம் முதலியவற்றை எழுதிவைத்தார். 1973 முதல் 1994 வரை அவர் எழுதியவை தொகுக்கப்பட்டு 1995இல் நூலாக வெளிவந்தன. காட்சிக் கலைஞர்க்கும் மொழியே சிந்தனைக் களம் என்பதற்கு இது சான்று. இலக்கியம் பயில்வோர் காட்சிக் கலைக்குத் தொலைவில் உள்ளவர் அல்லர்.

மாணவர்க்குரிய பயிற்சிகள்

இவ்வாய்விலிருந்து மாணவர் மேற்கொள்ளத்தக்க பயிற்சிகள் சிலவற்றை இங்குத் தருகின்றோம். இவற்றிற்குக் கைப்பேசி ஒன்றே போதும்.

1. கைப்பேசியைச் சுவரிலோ செங்கல்லின் மீதோ அசையாது நிறுத்தி, ஒரே இடத்தை 10 நிமிடம் பதிவுசெய்க. நிமிடந்தோறும் என்ன மாறியது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுக.

2. கல்லூரி முற்றத்தின் மரம் ஒன்றை விடியல், நண்பகல், அந்தி என முப்பொழுதும் ஒரே கோணத்தில் எடுத்து, மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்க.

3. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் கானலைத் தொலைவிலிருந்து, பாதுகாப்பான இடத்தில் நின்று பதிவுசெய்க. கண்ணால் கண்டதற்கும் திரையில் கண்டதற்கும் உள்ள வேற்றுமையை எழுதுக.

4. வீட்டிலுள்ள மூத்தோரின் இசைவைப் பெற்று, அவர்கள் பணிசெய்யும் கைகளை மட்டும் பதிவுசெய்க. பிறர்க்குக் காட்டுமுன் அவர்களுக்கே முதலில் காட்டுக.

5. எடுத்ததில் பிழை நேரின் உடனே அழியாது வைத்து, அப்பிழை எவ்வாறு நேர்ந்தது என ஆராய்க.

முடிவுரை

வயோலா 2024 ஜூலை 12 அன்று தம் 73ஆம் வயதில் மறைந்தார். அவர் மாணவராகக் கையாண்ட கருவிகள் பெரிதும் பயனின்றிப் போயின. அரை அங்குல நாடாவை ஓட்டும் இயந்திரங்களைக் காண்பதே இன்று அரிது. ஆயினும் அவர் கற்ற முறை பழையதாகவில்லை. தாழ்ந்த பணியைத் தயங்காது ஏற்றல், மூத்தோர்க்குத் துணைநின்று நுட்பம் அறிதல், பிழையின் முன் நின்று உசாவுதல், ஒரு துளி திரண்டு விழும்வரை காத்திருத்தல், கண்டதை எழுதிவைத்தல் ஆகியன எக்கருவிக்கும் பொருந்துவன.

பிள்ளைகளின் கையில் கருவியைக் கண்டு கவலையுறும் பெரியோர், அதனை எத்தனை மணிநேரம் பிடித்திருக்கின்றார்கள் என்பதுடன், அதன்வழி எதனை எத்தனை நேரம் நின்று நோக்குகின்றார்கள் என்பதையும் கேட்பாராக. அதற்கு விடை சொல்லத்தக்க மாணவர், கல்வியின் வழியிலேயே இருக்கின்றார் என நாம் நம்பலாம். அத்தகையோர்க்குக் கூடத்தின் திறவுகோலைத் தயங்காது தருதல் ஆசிரியராகிய நம் கடமையாகும்.